பணம் கொடுப்பவர் ஒருவர், படுத்திருப்பவர் ஒருவர்

எங்கள் கடையின் கல்லாவுக்குப் பின்னால், முருகன் படத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் பல வருடம் தொங்கியது. மும்பை அந்தேரியில் ஒரு ஹோட்டலில் நடந்த விற்பனைப் பயிற்சியில் கொடுத்தார்கள். அன்றைக்கு மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. தாளின் இடது பக்கம் வாங்க வருகிறவர் சொல்லக்கூடிய பத்துத் தயக்கங்கள். வலது பக்கம் நாங்கள் சொல்ல வேண்டிய பத்துப் பதில்கள். "விலை அதிகம்" என்றால், அந்த விலையை 365-ஆல் வகுத்து, ஒரு நாளைக்கு ஒரு டீச் செலவுதான் என்று சொல்ல வேண்டும். "யோசித்துச் சொல்கிறேன்" என்றால், "எதைப் பற்றி யோசிக்கப் போகிறீர்கள்?" என்று சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவர் ஒருவரிடம் இந்த இரண்டாவதைச் சிரித்த முகத்தோடு கேட்டேன். "என் மனைவியைப் பற்றி" என்றார். அதற்குத் தாளில் பதில் இல்லை.

செம்பூரில் எங்களுக்கு நோயாளிகளுக்கான சாமான் விற்கும் ஒரு சர்ஜிகல் கடை. நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. 2001-இல் கல்யாணமாகி மும்பை வந்தேன். என் கணவர் அதற்கு முன்பே பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் கட்டுத் துணியும் ஊசியும் குழாயும் மூட்டை கட்டியவர். அந்தத் தெருவின் பெயர்ப்பலகையில் ஷாமல்தாஸ் காந்தி மார்க் என்று இருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2006-இல் சொந்தமாகக் கடை போட்டோம். சாமான் கொண்டுபோய்ப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. கல்லா என்னுடையது. ஆரம்பத்தில் உள்ளே வரும் ஆண்கள் என்னைப் பார்த்ததும், "கடையில் ஆண் யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கான டயப்பரையும் சிறுநீர்ப் பையையும் ஒரு பெண்ணிடம் கேட்க அவர்களுக்குக் கூச்சம். வாசல்வரை வந்துவிட்டு, இருமல் மருந்து கேட்பதுபோல் பாவனை செய்து திரும்பியவர்களும் உண்டு. நாங்கள் இருமல் மருந்து விற்பதில்லை.

நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் ஆசையோடு வருகிறார்கள். எங்கள் கடைக்கு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டோடு வருகிறார்கள். அவர்கள் எதிர்த்துச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் நான் சாக்கு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மாறியது ஒரு கமோடு சேரால், அதாவது கீழே மலச்சட்டி வைத்த நாற்காலியால்.

முலுண்டிலிருந்து ஒரு மகன் போன் செய்தார். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். கமோடு சேர் வேண்டும். விலை 3,400 என்றேன். பேரம் பேசாமல் உடனே பணம் அனுப்பிவிட்டார். மூன்றாவது நாள் மறுபடி போன். "சேர் சரியில்லை. ஆடுகிறதாம். அப்பா உட்கார மாட்டேன் என்கிறார். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்." தாளில் இதற்குப் பதில் இருந்தது: தரச் சான்றிதழைக் காட்டுங்கள். சான்றிதழை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி. பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் பாக்கெட் வைத்த சட்டையில் பேனா குத்தியிருந்தார். நாற்காலியில் நானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன். பாறை மாதிரி நின்றது. "உங்களுக்கு ஆடாது. நான் உட்கார்ந்தால் ஆடும்" என்றார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. அடுப்படியில் மோர் கொடுத்த மருமகள்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, படுக்கையறையில் வைத்தால் கதவு திறக்காது. ஹாலில்தான் வைக்க வேண்டும். எதிரே சாமி அலமாரி. காலையில் பால்காரர், பேப்பர்காரர் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். சட்டியை எடுத்துக் கொட்டு என்று மாமா என்னிடம் எப்படிச் சொல்வார்? நான் எடுப்பேன். அவரால் சொல்ல முடியாது."

நாற்காலி ஆடவே இல்லை. ஆடியது வேறு.

கழிப்பறையைப் பார்த்தேன். படுக்கையிலிருந்து பதினோரு தப்படி. இந்திய முறைக் கழிப்பறை. இடுப்பு அறுவை செய்தவர் குந்தக் கூடாது, உட்காரும்போது முழங்கால் இடுப்புக்கு மேலே போகவும் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புவார்கள். அதனால்தான் மகன் கமோடு சேர் என்று முடிவு கட்டியிருக்கிறார். குழியின் மேலே போடும் உயரமான இரும்பு ஸ்டூல் ஒன்று எங்களிடம் இருக்கிறது, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. 1,250 ரூபாய். சுவரில் ஒரு பிடி, 450. வாக்கர் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிவிட்டார்கள். பதினோரு தப்படியை வாக்கரோடு நடந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றதும் பெரியவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "கதவு சாத்தலாமா?" என்றார். தாழ் மட்டும் போட வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டார். கமோடு சேர் கடைக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்த்த என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை மட்டும் ஒரு தடவை தட்டினார்.

நான்கு மாதம் கழித்து அந்த மருமகள் டயப்பர் வாங்க அல்ல, சும்மா வந்தார். சேடா நகர் முருகன் கோவிலுக்கு மாமா போய்விட்டு வந்தாராம். அங்கே 108 படி, ஏறவில்லை. கைத்தடியை ஊன்றி அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, ஆட்டோவில் திரும்பினாராம்.

எங்கள் தொழிலில் வாங்குகிறவர் என்று ஒரு ஆள் கிடையாது, மூன்று பேர். பணம் கொடுப்பவர் முலுண்டிலோ புனேயிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பார். பயன்படுத்துபவர் கட்டிலில் இருப்பார். தூக்கி, துடைத்து, சுவிட்சைப் போட்டு, வடிகட்டியைக் கழுவுகிறவர் அடுப்படியில் இருப்பார்: பெரும்பாலும் மருமகள், சில வீடுகளில் மகள், வசதி இருந்தால் சம்பளத்துக்கு வரும் பணிப்பெண், அதாவது மாவுஷி. இவர்களில் ஒருவருடைய தயக்கம் இன்னொருவர் வாய் வழியாகத்தான் என் கல்லாவுக்கு வந்து சேர்கிறது. மகன் "தரம் சரியில்லை" என்பார். அது அப்பாவின் வெட்கம். அப்பா "எனக்கு எதற்கு இந்தச் செலவு?" என்பார், அது மருமகளின் இடுப்பு வலி பற்றிய கரிசனமாக இருக்கும். பேசுகிறவருக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விடியும்வரை சொல்லலாம். அதனால் யார் வேண்டாம் என்றாலும் நான் இப்போது முதலில் கேட்பது ஒன்றுதான்: "வீட்டில் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" அந்தப் பெயர் தெரிந்ததும், முடிந்தால் அவரிடமே போனைக் கொடுக்கச் சொல்கிறேன். கட்டிலில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை பேசுகிறேன். அந்தத் தாளைக் கழற்றிவிட்டோம். அந்த இடத்தில் இப்போது மருத்துவக் கருவி விற்பவர்களுக்கான அரசுப் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. 2022-இல் விதி வந்த பிறகு வாங்கியது.

இப்படிச் சொல்வதால் விலை பற்றிய பேச்செல்லாம் வேறு எதையோ மறைக்கும் திரை என்று ஆகிவிடாது. தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் அம்மாவுக்கு நெபுலைசர் கேட்டு வந்தார். "தங்கச்சி, இவ்வளவுதான் இருக்கிறது" என்று 1,100 ரூபாயை மேசையில் எண்ணி வைத்தார். அதற்குப் பின்னால் எந்த மனத்தத்துவமும் இல்லை. 1,100 என்றால் 1,100. கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும் சாதாரண கம்ப்ரஸர் நெபுலைசர் அந்த விலைக்கு இருந்தது. மூச்சில் இழுக்க மருந்தை நுண்துளியாக்குவதில் அது விலை உயர்ந்ததற்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. இல்லாதவர்கள் தொகையைச் சொல்வார்கள். இருப்பவர்கள் "ஆன்லைனில் எவ்வளவு தெரியுமா?" என்று தொடங்குவார்கள். இது என் அனுபவம், தவறாகவும் இருக்கலாம்.

ஆன்லைன்காரர்களுக்கு என் பதில் என் கணவருக்குப் பிடிக்காது. தெர்மாமீட்டரும் கை பெல்ட்டும் அங்கே மலிவு என்றால் அங்கேயே வாங்குங்கள் என்பேன். ஆனால் கட்டிலையும் ஆக்சிஜன் மெஷினையும் அங்கே வாங்கினால், இரவு பதினொன்றரைக்கு அலாரம் கத்தும்போது யாரைக் கூப்பிடுவீர்கள் என்றும் கேட்பேன். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவது அவர்தான். அதனால்தான் தெர்மாமீட்டர் லாபமும் தனக்குச் சேர வேண்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

விலைப் பேச்சில் ஒன்றுக்கு மட்டும் நான் வாய் திறப்பதில்லை. "2021-இல் நீங்கள் அடித்த கொள்ளையை மறந்துவிட்டோம் என்று நினைக்கிறீர்களா?" கொரோனா இரண்டாவது அலை அடித்த அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் நாற்பது ஐம்பதாயிரத்துக்குப் போன ஆக்சிஜன் மெஷின் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நாங்களும் கூட்டி வாங்கினோம், கூட்டி விற்றோம். ஜூன் மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆக்சிஜன் மெஷினுக்கு வியாபார லாபத்தின் உச்சவரம்பை 70 விழுக்காடு என்று வைத்தது. ஜூலையில் ஆக்சிமீட்டர், சுகர் மெஷின், பிபி மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் அதே வரம்பு. வரம்பே எழுபது என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் கொள்முதல் ரசீதைக் காட்டுகிறேன். நம்பினால் நம்பட்டும்.

ஆக்சிஜன் மெஷினை வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பதில் கணக்கு எளிது. எங்கள் வாடகை மாதம் 5,000, புதியது 46,000. நிமோனியாவிலிருந்து தேறிவரும் நபருக்கு மூன்று வாரம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் வாங்காதீர்கள் என்று நானே சொல்வேன். நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போனவர் என்றால் வாடகை ஒன்பது பத்து மாதத்தில் புது மெஷினின் விலையைத் தொட்டுவிடும். சிக்கல் என்னவென்றால், வாங்குங்கள் என்று சொன்னால் "அப்படியென்றால் இனி குணமே ஆகாதா?" என்று முகம் வாடும். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. மருத்துவரிடம் கேளுங்கள் என்று விட்டுவிடுவேன்.

ஆக்சிஜன் மெஷின் என்றாலே பேச்சு நீளும். முதலில் வரும் பயம்: "ஒரு தடவை வைத்துவிட்டால் பழகிப்போய்விடும், அப்புறம் எடுக்கவே முடியாது." சயானில் ஒரு ஆச்சி, எழுபத்து நான்கு வயது, முப்பது வருடம் விறகடுப்பில் ஊதி ஊதியே நுரையீரல் கெட்டவர், இதைச் சொல்லி மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போடுவார். நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னது: தலைகீழாகப் பார்க்கிறீர்கள். நுரையீரல் கெட்டதால்தான் மெஷின் தேவைப்படுகிறது. மெஷின் வைத்ததால் நுரையீரல் சோம்பேறியாவதில்லை. 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகள்தான் இதற்கு அடிப்படை என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளில், நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வைத்தவர்கள் வைக்காதவர்களைவிட அதிக காலம் இருந்தார்கள். இரவு மட்டும் வைத்தவர்களைவிட இரவும் பகலுமாக வைத்தவர்கள் இன்னும் அதிக காலம்.

ஆச்சியிடம் போய் 1981 என்று சொல்ல முடியாது. "கண்ணாடி போட்டதால் கண் கெட்டதா, கண் கெட்டதால் கண்ணாடி போட்டீர்களா?" என்று கேட்டேன். யோசித்தார். ஆனால் அவருடைய உண்மையான மறுப்பு அது இல்லை. மறுநாள் அவருடைய மகள் சொன்னாள். மெஷின் பூட்டப் போனபோது என் கணவர் வழக்கம்போல் சொல்லியிருக்கிறார்: ஆக்சிஜன் ஓடும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது, விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாம் பத்தடி தள்ளி இருக்கட்டும்; மூக்கு காய்ந்தால் விக்ஸோ தேங்காய் எண்ணெயோ தடவக் கூடாது. அது ஒற்றை அறை வீடு. பத்தடிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அடுப்பு இருக்கிறது. அறுபது வருடமாக அந்தி நேரத்தில் விளக்கேற்றிய கை அது; விளக்கா மூச்சா என்றால் ஆச்சி விளக்கு என்று முடிவு செய்திருக்கிறார்.

இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பில் பதில் இருக்கும்? நாள் முழுக்க வைக்க வேண்டாம், பதினைந்து பதினாறு மணி நேரம் போதும் என்பதுதான் மருத்துவர் சீட்டில் இருந்தது. அந்தியில் அரை மணி நேரம் மெஷினை அணைத்து, குழாயைக் கழற்றி, ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து விளக்கேற்றட்டும். விளக்கைக் குளிர வைத்த பிறகு மறுபடி மெஷின். ஆச்சியின் ஆக்சிஜன் அளவு அந்த அரை மணி நேரத்தைத் தாங்குமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன், தாங்கும் என்றார். அதற்குப் பிறகு குழாயைப் பிடுங்கவில்லை. மகள் கொசுறாக இன்னொன்றும் சொன்னாள்: அந்த அரை மணி நேரம்தான் வீட்டில் அமைதி. மெஷின் சத்தம் அவளுக்குத்தான் தலைவலி. அதைப் பற்றி அதுவரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நீளமான குழாய் போட்டு மெஷினை வராந்தா பக்கம் நகர்த்தினோம்.

இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது, இது என்னைச் சிரிக்க வைக்கும். மெஷினில் தண்ணீர் பாட்டில் ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அல்லவா? அந்தத் தண்ணீரிலிருந்துதான் ஆக்சிஜன் வருகிறது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். "தண்ணீர் தீர்ந்தால் மூச்சு நின்றுவிடுமே, ஆபத்தான சாமான்" என்று வேண்டாம் என்றவர் ஒருவர். தண்ணீர் மூக்கு காயாமல் இருக்க ஈரம் சேர்ப்பதற்கு மட்டும். ஆக்சிஜன் அறையின் காற்றிலிருந்தே வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், ஒரு பங்குதான் ஆக்சிஜன். உள்ளே சியோலைட் என்ற மணிமணியான பொருள் இருக்கும். அழுத்தத்தில் காற்று அதன் வழியே போகும்போது நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் தாண்டிப் போய்விடும். சலித்து எடுப்பதுதான். வெளியே வருவது 93 விழுக்காட்டை ஒட்டிய ஆக்சிஜன். பின்பக்க வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவாவிட்டால், மும்பைத் தூசிக்கு அந்தச் சல்லடை சீக்கிரம் திணறிப்போகும்.

மின்சாரம் பற்றிய தயக்கத்தில் இரண்டு உண்டு. ஒன்று பில். 350 வாட், நாளுக்கு 16 மணி நேரம் என்றால் மாதம் 168 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். இதைச் சீட்டில் எழுதியே கொடுக்கிறேன். மறைத்து விற்றால் இரண்டாவது மாதம் மெஷின் அணைந்துவிடும், யாருக்கும் தெரியாமல். இன்னொன்று, "கரண்ட் போனால்?" மும்பையில் எங்கே போகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நானும். 2020 அக்டோபர் 12 காலை பத்து மணிக்கு நகரமே நின்றது. ரயில் நின்றது. கடையில் போன் பாட்டரி தீரும்வரை அடித்தது. அன்றிலிருந்து சிறிய பி டைப் சிலிண்டர் ஒன்று கைவசம் இல்லாமல் வீட்டுக்கு மெஷின் அனுப்புவதில்லை. அதில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். இங்கே வாடிக்கையாளர் சரி, நான் தவறு.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: மறுக்கவே மறுக்காதவர்கள். "இரண்டில் வைக்கச் சொன்னார்கள், நான் ஐந்தில் வைத்தேன், சீக்கிரம் குணமாகட்டும்" என்பார்கள். சில நுரையீரல் நோயாளிகளுக்கு அளவு கூடினால் உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். திருகில் இரண்டு என்ற கோட்டுக்கு நேரே சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துத்தான் அனுப்புகிறோம். ஏர் பெட் என்கிற காற்று மெத்தையிலும் அப்படித்தான். "இதைப் போட்டால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியதில்லையே?" என்று ஆசையோடு கேட்பார்கள். ஆமாம் என்றால் உடனே விற்கும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டத்தான் வேண்டும். படுக்கைப் புண் வரும் வாய்ப்பை மெத்தை குறைக்கும், அவ்வளவே. இதைச் சொன்னதும் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, "உங்கள் மெஷின் பொய் சொல்கிறது." மாட்டுங்காவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் லேப் தாளையும் சுகர் மெஷினையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார், திருட்டுக் கணக்கைப் பிடித்த ஆடிட்டர் மாதிரி. லேப்பில் 180, மெஷினில் 201. வீட்டு மெஷின்களுக்கான 2013-ஆம் ஆண்டு சர்வதேசத் தர விதி, நூறும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் பதினைந்து விழுக்காடு முன்பின் இருக்க அனுமதிக்கிறது என்று காட்டினேன். 180-க்கு 207 வரை போகலாம். வங்கியில் இப்படி இருந்தால் வேலை போயிருக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் அதே மனிதர் மே மாதம் 268 என்று பதறி வந்தபோது, முதலில் கை கழுவச் சொன்னேன். கழுவித் துடைத்துக் குத்தினால் 152. ஹாபுஸ் மாம்பழம் நறுக்கிய விரல். நாளுக்கு ஏழெட்டுத் தடவை குத்திக்கொண்டிருந்தார். ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்பில்தான் எங்களுக்கு லாபமே, மெஷினில் அல்ல. எத்தனை தடவை பார்க்கச் சொன்னார்கள் என்று மருத்துவரிடம் கேட்டு வாருங்கள் என்றேன். வாரம் நான்கு தடவை போதும் என்று சொல்லிவிட்டாராம். என் கணவர் மறுபடி கால்குலேட்டரைத் தட்டினார்.

பிபி மெஷினில் பாடம் எனக்கே கிடைத்தது. ஊரில் அப்பாவுக்கு நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பினேன். தினமும் இரவு வீடியோவில் கூப்பிட்டு, என் கண் முன்னால் பார்க்கச் சொல்வேன். 162, 158, 165. மருந்தைக் கூட்ட வேண்டும் என்று அண்ணனோடு சண்டை. "எனக்கு இந்த மெஷின் வேண்டாம், தூக்கி எறியுங்கள்" என்றார் அப்பா. பிடிவாதம் என்று நினைத்தேன். மதினி ஒரு நாள் தனியாகப் பேசினார். "நீ கூப்பிடும் நேரம் பார்த்து அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடி வருகிறார். கையைக் கட்டிவிட்டு நீ பேசிக்கொண்டே இருக்கிறாய், அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். காலையில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து நான் பார்க்கிறேன். 132-தான் இருக்கிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்." முதுகைச் சாய்த்து, கால் தரையில் பதித்து, கை நெஞ்சு உயரத்தில், பேசாமல் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்கிறவள் நான். இந்த வீட்டில் பணம் கொடுப்பவரும் நான்தான், பிபியை ஏற்றியதும் நான்தான்.

கட்டிலைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். மூன்றடி அகலம், ஆறரை அடி நீளம். வாசலை அளந்துவிட்டு வாருங்கள் என்றால் அளக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை எடுக்க மாட்டோம், ராகு காலத்தில் இறக்கக் கூடாது என்பார்கள். அதெல்லாம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, டெம்போக்காரருக்குத்தான் புரியாது. ஒரே ஒரு கேள்வி மட்டும் வாடகைக் கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு வரும், எப்போதும் கொஞ்சம் தாழ்ந்த குரலில். "இதில் யாராவது இறந்திருக்கிறார்களா?"

முதலில் சில வருடம், இல்லவே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கட்டில் திரும்பி வந்தபோது, அதே தெருவில் இருந்த இன்னொரு வீட்டுக்கு அதையே அனுப்பினோம். காலடிக் கம்பியில் ஒரு கீறல் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் முந்தைய வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர். கீறலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. "கேட்டேனே அம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு உள்ளதைச் சொல்கிறேன். இறந்தவர்களும் இருக்கலாம், தேறி எழுந்து போனவர்களும் உண்டு. இரும்பைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்திருக்கிறோம், மெத்தை உறை புதியது. பத்தில் மூன்று பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். அங்கே என்ன சொல்கிறார்களோ.

கடைசியாக ஒன்று, போன ஜனவரியில் நடந்தது. காட்கோபரில் ஒரு வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷினை வாடகைக்குக் கொடுத்திருந்தோம். அந்த வீட்டு மாமியாருக்கு. நாளுக்குப் பதினாறு மணி நேரம் என்று சீட்டு. வாடகை கட்டுவது துபாயில் இருக்கும் மூத்த மகன். நான்காவது மாதத்திலிருந்து அவர் ஒவ்வொரு முறையும் தகராறு. "அம்மா அதைப் பயன்படுத்துவதே இல்லையாம். நான் போன் செய்யும்போதெல்லாம் மூக்கில் குழாய் இல்லை. என் தம்பி மனைவி கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்து வைக்கிறாள். சும்மா கிடக்கும் சாமானுக்கு வாடகை எதற்கு?" சொந்தக்காரர்களிடமெல்லாம் இதையே சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் போன் செய்வது அவருடைய வேலை முடிந்த பிறகு. இங்கே அந்த அம்மாள் சாப்பிடுகிற நேரம்.

அந்த அம்மாள் ஜனவரி கடைசியில் காலமானார். காரியமெல்லாம் முடிந்து, இளைய மருமகளே டெம்போவில் மெஷினோடு வந்தார். முன்னறையில் இறக்கி, என் கணவர் வழக்கமான சோதனைக்கு மின்சாரத்தில் செருகினார். மெஷினின் முகப்பில், கார் மீட்டர் போல, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சிறிய எண் வரிசை ஒன்று உண்டு. அனுப்பும்போது அதைக் குறித்துக்கொள்வது எங்கள் பழக்கம், சர்வீஸுக்காக. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன எண், அக்கா?"

சொன்னேன். கொடுத்த அன்று 3,212. இப்போது 5,243. மொத்தம் 2,031 மணி நேரம், 131 நாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?"

என் கணவர் கால்குலேட்டரைத் தட்டினார். பதினைந்தரை.

டெபாசிட் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அதை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். போவார் என்று நினைத்தேன், போகவில்லை.

"அந்தப் பதினைந்தரையை ரசீதில் எழுதித் தர முடியுமா? கடை முத்திரையோடு."

எழுதிக் கொடுத்தேன். எண்ணிலும் எழுத்திலும்.